போத்தனூரில் பிறந்த தாயும் பள்ளிக்குச் செல்லாத இயந்திரமும்

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூர் சந்திப்பை ரயிலில் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆங்கிலேயக் கணித அறிஞரின் நினைவு வருவதுண்டு. அவர் அங்கே பிறந்தவர் அல்லர், வளர்ந்தவரும் அல்லர். அவருடைய தாய் ஈதல் சாரா ஸ்டோனி 1881-ஆம் ஆண்டு அங்கே பிறந்தார். ஈதலின் தந்தை எட்வர்ட் வாலர் ஸ்டோனி, மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். ஓசையின்றிப் பங்கா இழுக்கும் சக்கரம் ஒன்றைச் செய்து காப்புரிமையும் பெற்றவர். ஈதலை மணந்த ஜூலியஸ் டூரிங், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி, அந்தப் பணிக்காகத் தமிழ் பயின்றவர். இவர்களின் மூத்த மகன் ஜான் 1908-இல் குன்னூரில் பிறந்தார். இளைய மகன் 1912 ஜூன் 23 அன்று லண்டனில் பிறந்தார். அவர்தான் ஆலன் டூரிங்.

இந்தத் தொடர்பைக் கொண்டு அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவது பொருந்தாது. ஆனால், இந்தத் தொடர்பு அவர் வாழ்வில் ஒன்றைச் செய்தது: அவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர்கள் தங்கள் குழந்தைகளைத் தாய்நாட்டில் பிறர் பொறுப்பில் விட்டுவிட்டு வருவது அன்றைய வழக்கம். ஈதலே சிறுமியாக அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டு உறவினர் வீட்டில் வளர்ந்தவர். அவரும் தம் பிள்ளைகளை அவ்வாறே விட்டுவரும்படி ஆயிற்று. ஆலனுக்குப் பதினைந்து மாதம் நிரம்பியபோது தாய் கணவருடன் இருக்கக் கப்பலேறினார். ஹேஸ்டிங்ஸை ஒட்டிய செயின்ட் லெனார்ட்ஸ் என்ற கடற்கரை ஊரில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் குடும்பத்தில் ஆலனும் ஜானும் வளர்ந்தனர். தாய் இடையிடையே வருவார், சில காலம் தங்குவார், மீண்டும் போவார். ஒரு குழந்தையின் மனம் எவ்வாறு உருவாகிறது, அதில் பிறவியிலேயே இருப்பது எவ்வளவு, கற்பிப்பவர் சேர்ப்பது எவ்வளவு என்ற கேள்வியைப் பின்னாளில் அறிவியல் கேள்வியாக்கியவருக்கு இப்படியொரு குழந்தைப் பருவம் வாய்த்ததை நான் வெறும் தற்செயல் என்று ஒதுக்குவதில்லை. அதற்காக, அதுவே காரணம் என்று சாதிக்கவும் மாட்டேன்.

1926-இல் ஷெர்போர்ன் பள்ளியில் சேரும் நாளன்று இங்கிலாந்தில் பொது வேலைநிறுத்தம், ரயில்கள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவன் சவுத்தாம்ப்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து, வழியில் ஓர் இரவு விடுதியில் தங்கி, பள்ளிக்கு வந்து சேர்ந்தான். அந்தப் பள்ளியோ லத்தீனையும் கிரேக்கத்தையும் கல்வி என்று மதித்த இடம். கையெழுத்தும் மோசம், ஒழுங்கும் போதாது என்று ஆசிரியர்கள் குறைபட்டுக்கொண்டனர். அங்கே அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் கிறிஸ்டோபர் மார்கம் என்ற ஒரு தோழன். அறிவியலிலும் வானியலிலும் தம்மைவிட ஒரு படி மேலே நின்ற அந்த மாணவனை ஆலன் ஆழ்ந்து நேசித்தார். 1930 பிப்ரவரியில் காசநோய் அந்தத் தோழனைக் கொண்டுபோயிற்று. மார்கமின் தாய்க்கு ஆலன் எழுதிய கடிதங்களில், உடல் அழிந்த பின் உள்ளம் என்ன ஆகிறது, உள்ளம் பருப்பொருளோடு எவ்வாறு பிணைந்திருக்கிறது என்ற வினாக்கள் திரும்பத் திரும்ப வந்தன. அன்று அவருக்கு ஆன்மாவில் நம்பிக்கை இருந்தது. பின்னாளில் அந்த நம்பிக்கை தேய்ந்தது. வினா மட்டும் தேயவில்லை.

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியில் பயின்று, இருபத்திரண்டு வயதில் அங்கேயே ஆய்வுப் பொறுப்பும் பெற்றார். கணிதத்தில் எந்தக் கூற்றைக் கொடுத்தாலும், அது நிறுவத்தக்கதா இல்லையா என்று தீர்மானிக்கத் திட்டவட்டமான வழிமுறை ஒன்று உண்டா என்பது ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட் விடுத்த அறைகூவல். இல்லை என்பதை 1936-இல் டூரிங் நிறுவினார். அமெரிக்காவில் அலான்சோ சர்ச் சற்று முன்னதாகவே வேறொரு பாதையில் அதே முடிவுக்கு வந்திருந்தார். ஆனால், டூரிங் சென்ற பாதைதான் உலகை மாற்றியது.

வழிமுறை என்றால் என்ன என்பதை வரையறுக்க அவர் ஒரு மனிதரைக் கூர்ந்து பார்த்தார். கட்டம் போட்ட தாளில் கணக்கிடும் ஒருவர். அக்காலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல் இத்தகைய மனிதரையே குறித்தது என்பதை இன்று நாம் மறந்துவிட்டோம். அவர் ஒரு நேரத்தில் சில குறிகளையே காண்கிறார். அவர் மனம் அந்தக் கணத்தில் குறிப்பிட்ட ஒரு நிலையில் இருக்கிறது. கண்ட குறியும் மனநிலையும் சேர்ந்து அடுத்து என்ன எழுத வேண்டும், எந்தக் கட்டத்துக்கு நகர வேண்டும், எந்த மனநிலைக்கு மாற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவ்வளவுதான். இதற்கு மேல் கணக்கிடுதலில் எதுவும் இல்லை என்றால், கட்டங்கள் கொண்ட நீண்ட நாடாவையும் ஒரு விதி அட்டவணையையும் வைத்து இதையெல்லாம் ஓர் இயந்திரம் செய்துவிடலாம். அடுத்து அவர் எடுத்துவைத்த அடியே முதன்மையானது: எந்த இயந்திரத்தின் விதி அட்டவணையையும் நாடாவில் எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து அந்த இயந்திரமாகவே நடந்துகொள்ளும் ஒரு பொது இயந்திரம் சாத்தியம். ஒரே கருவி ஊதியப் பட்டியலும் போடுகிறது, சதுரங்கமும் ஆடுகிறது என்றால், அதன் வேர் இந்த அடியில்தான் இருக்கிறது. நாடா வெறும் கற்பனை. அப்போது அப்படியொரு கருவி எங்கும் கிடையாது.

போர்க்கால வரலாற்றைத் திரைப்படம் வழியே பலரும் அறிவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1939 செப்டம்பர் 4 அன்று, போர் அறிவிக்கப்பட்ட மறுநாள், டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் பணியில் சேர்ந்தார். ஜெர்மானியரின் எனிக்மா மறைகுறியீட்டை அவர் தனியொருவராக உடைத்தார் என்பது திரைப்படத்துக்கு ஏற்ற கதை. போலந்துக் கணித அறிஞர்கள் ரெயெவ்ஸ்கி, ருஷிட்ஸ்கி, ஜிகால்ஸ்கி ஆகியோர் போருக்கு முன்பே அந்தப் பூட்டைத் திறந்திருந்தனர். அவர்களின் அடித்தளத்தின் மீது நின்று, பாம்ப் எனப்பட்ட தேடல் இயந்திரத்தை டூரிங் வடிவமைத்தார். கார்டன் வெல்ச்மன் அதை மேம்படுத்தினார். பல்லாயிரம் பெண்கள் இரவு பகலாக உழைத்தனர். அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகளிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்க அந்த உழைப்பு உதவியது.

என் நோக்கில் அங்கே நடந்த வேறொன்றும் முக்கியமானது. ஓய்வு நேரங்களில் ஜாக் குட், இளைஞர் டொனால்ட் மிக்கி ஆகியோருடன் டூரிங் சதுரங்கம் ஆடினார். டூரிங் அந்த ஆட்டத்தில் தேர்ந்தவர் அல்லர். ஆனால், சதுரங்கத்தை ஓர் இயந்திரம் ஆட வேண்டுமானால் எப்படித் தேட வேண்டும், தோல்வியிலிருந்து எப்படிக் கற்க வேண்டும் என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது. பிரிட்டனில் இத்துறை ஆய்வைப் பின்னாளில் எடின்பரோவில் வளர்த்தெடுத்தவர் அதே மிக்கிதான்.

போர் முடிந்ததும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து ஏ.சி.இ. என்ற கணினியின் வடிவமைப்பை எழுதினார். அதைக் கட்டும் வேலை ஆமை வேகத்தில் நகர்ந்தது. சலிப்புற்ற டூரிங்கின் மனம் கருவியைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தது. 1947 பிப்ரவரியில் லண்டன் கணிதக் கழகத்தில் ஆற்றிய உரையில், தமக்கு வேண்டியது அனுபவத்திலிருந்து கற்கும் இயந்திரம் என்றார். சொன்னதை மட்டும் பிசகாமல் செய்யும் இயந்திரத்துக்கு அறிவு உண்டு என்று எப்படிச் சொல்ல முடியும்? ஒருபோதும் தவறாத ஒன்று அறிவுடையதாகவும் இருக்க இயலாது என்பதைக் கணிதத் தேற்றங்களே ஏறக்குறையச் சொல்கின்றன என்பது அவர் வாதம். மனிதன் தவறு செய்தால் மன்னிக்கிறோம், மறுவாய்ப்புத் தருகிறோம். இயந்திரத்திடமும் அதே நியாயத்தைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். கணினி என்றாலே பிழையற்றது என்று எண்ணிப் பழகிய நமக்கு இன்றும் இது விசித்திரமாகத் தோன்றுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் துணிந்து தவறு சொல்வதைக் கண்டு நாம் திகைக்கும் இந்நாளில், நான் இந்த உரையைப் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன்.

அடுத்த ஆண்டு அவர் ஆய்வகத்துக்கு அளித்த அறிக்கை அறிவார்ந்த இயந்திரங்களைப் பற்றியது. குழந்தையின் மூளைப் புறணி பெரிதும் ஒழுங்குபடாத ஓர் இயந்திரம். பயிற்சியே அதை ஒழுங்குபடுத்துகிறது என்பது அதன் மையக் கருத்து. மிக எளிய அலகுகளைத் தற்போக்காக ஒன்றோடொன்று இணைத்து, இணைப்புகளைத் திறந்தும் அடைத்தும் அந்த வலையைப் பழக்கினால் அது பயனுள்ள ஒரு வேலையைச் செய்யும்படி மாறக்கூடும் என்று அதில் எழுதினார். நரம்பணு வலை என்று இன்று பொறியியல் மாணவர்கள் படிப்பதற்கு நெருங்கிய உறவான சிந்தனை இது. இன்பம், துன்பம் என்ற இரு சைகைகளை மட்டும் கொண்டு ஓர் இயந்திரத்தைப் பழக்கும் முறையையும் தாளிலேயே சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குக் கேமரா, காதுக்கு ஒலிவாங்கி, காலுக்குச் சக்கரம் என்று பொருத்தி இயந்திரத்தை நாட்டுப்புறத்தில் உலவவிட்டுக் கற்கச் செய்யலாம், ஆனால் ஊராருக்கு ஆபத்தாகிவிடும் என்று குறும்பாகவும் எழுதினார். மொழி கற்பதே மனித இயல்புக்கு மிக நெருங்கிய பயிற்சி என்று கருதினாலும், புலன்களும் நடமாட்டமும் இல்லாமல் அது எவ்வளவு தூரம் கைகூடும் என்ற ஐயத்தையும் பதிவு செய்தார். அந்த ஐயம் இன்னும் தீரவில்லை. வெறும் எழுத்தை மட்டும் உண்டு வளர்ந்த இயந்திரங்களுக்கு உண்மையில் எதுவும் புரிகிறதா என்று இன்று நடக்கும் வழக்காடலின் முதல் வரி அதுதான்.

ஆய்வகத்தின் இயக்குநர் சார்லஸ் கால்டன் டார்வின், பரிணாமத்தைக் கண்ட டார்வினின் பேரன். பள்ளி மாணவனின் கட்டுரை போன்றது, வெளியிடத் தக்கதன்று என்று அவர் அதை ஒதுக்கினார். பாட்டனாரின் நூலுக்கு எத்தனை ஏளனம் கிடைத்தது என்பதைப் பேரன் அறியாதவராக இருந்திருக்க முடியாது. அறிக்கை அச்சேறியது 1968-இல். எழுதியவர் இறந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பின். அதற்குள் மற்றவர்கள் இதே வழியைத் தாங்களாகவே கண்டு நடக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒரு மேலதிகாரியின் ஒற்றைக் குறிப்பு அறிவியலைத் தடுத்து நிறுத்திவிடாது என்பது உண்மை; அது ஒருவரின் கைப்பிடியிலிருந்த கனியைப் பறித்துக்கொள்ளும் என்பதும் உண்மை.

டூரிங் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் பெயர்ந்தார். மின்னணு நினைவகத்தில் நிரலைத் தாங்கிய முதல் கணினி அங்கே 1948 ஜூனில் இயங்கியிருந்தது. அதே ஊரின் நரம்பியல் அறுவை மருத்துவர் ஜெஃப்ரி ஜெஃபர்சன், தான் உணர்ந்ததால் ஒரு கவிதை எழுதி, எழுதியதைத் தானே அறியவும் செய்தாலன்றி இயந்திரத்தை மூளைக்கு நிகராக ஏற்க முடியாது என்று 1949-இல் பேசினார். மைண்ட் என்ற தத்துவ இதழில் 1950 அக்டோபரில் வெளிவந்த டூரிங்கின் கட்டுரை, ஒருவகையில் அதற்கான மறுமொழி. ஒருவர் உணர்கிறார் என்பதை அவராகவே மாறினால் அன்றி அறிய முடியாது என்றால், பக்கத்து வீட்டுக்காரருக்கு மனம் உண்டு என்பதையும் நாம் நிரூபிக்க முடியாது. மரியாதை கருதியே ஒப்புக்கொள்கிறோம் என்று அவர் வாதிட்டார். திரைக்குப் பின்னால் ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும் இருக்க, தட்டச்சில் கேள்வி கேட்பவரால் எது எது என்று பிரித்தறிய முடிகிறதா என்று பார்க்கலாம் என்றார். ஐம்பது ஆண்டுகளில், ஐந்து நிமிட உரையாடலில் கேட்பவர்களில் நூற்றுக்கு முப்பது பேராவது ஏமாறக்கூடும் என்று கணித்தார்.

உலகம் இந்தச் சோதனையைப் பற்றிக்கொண்டது. எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதியைப் படிப்பவர் குறைவு. அந்தப் பகுதிதான் அதன் உயிர். மனிதரைப் போலப் பேசும் இயந்திரத்தை எப்படிச் செய்வது? ஒவ்வொரு விதியையும் மனிதர் எழுதிக் கொடுப்பதென்றால், அறுபது பேர் ஐம்பது ஆண்டுகள் ஒரு தாளையும் குப்பைக் கூடையில் போடாமல் உழைக்க வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டார். அதைவிட விரைவான வழி வேண்டும் என்றார். வளர்ந்த மனிதரின் மனத்தை ஏன் நேரடியாகச் செய்ய முயல வேண்டும்? குழந்தையின் மனத்தைச் செய்து, அதற்குக் கல்வி தரலாமே! கடையில் வாங்கிய புதிய குறிப்பேட்டைப் போல, சிறிதளவு இயக்கமும் நிறைய வெற்றுத்தாளும் கொண்ட மனம். முதல் குழந்தை நன்றாக அமையாது. இன்னொன்றைச் செய்து பார்க்க வேண்டும். பரிசும் தண்டனையும் கல்வியில் ஒரு பங்கு வகிக்கும். ஆனால் அவற்றை மட்டும் கொண்டு கற்பித்தால் குழந்தை மிகுந்த துன்பத்துக்கு ஆளாகும் என்று எச்சரித்தார். கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெல்லர் கற்றதைச் சுட்டி, ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஏதோ ஒரு வழியில் இருபுறத் தொடர்பு இருந்தால் போதும் என்றார். கால் இல்லாத அந்த மாணவரை ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினால் மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்ற வரியைப் படிக்கும்போது, விடுதிப் பள்ளியில் கேலிக்கு ஆளான ஒரு சிறுவன் எனக்கு நினைவுக்கு வருகிறான்.

கற்கும் இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குக் கற்பிப்பவருக்கே பெரும்பாலும் தெரியாமல் இருக்கும் என்றும் அதில் குறிப்பிட்டார். எவரிடமும் கணினி அறை நிரம்பக் கணினிகள் இல்லாத காலத்தில் எழுதியது இது. இன்றைய பெரும் மொழி மாதிரிகளைச் செய்தவர்களே அவற்றின் உள்ளே நிகழ்வதை முழுமையாக விளக்க முடியாமல் தடுமாறுவதை நாளேடுகளில் படிக்கிறோம். தாம் ஒரு குழந்தை இயந்திரத்தைப் பழக்கிப் பார்த்ததாகவும், கற்பித்த முறை சரியில்லாததால் அது வெற்றி என்று சொல்லத்தக்கதாக இல்லை என்றும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். தோல்வியை இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளும் ஆய்வுக் கட்டுரைகள் இன்று அரிது.

சதுரங்க ஆசையும் விடவில்லை. நண்பர் சாம்பர்நௌனுடன் சேர்ந்து ஆட்ட விதிகளை எழுதினார். அதை ஓட்டக்கூடிய கணினி இல்லை. ஆகவே 1952-இல் அவரே கணினி ஆனார். எதிரே அலிக் க்ளென்னி அமர்ந்து ஆட, டூரிங் தாளும் பென்சிலுமாக விதிகளின்படி கணக்கிட்டு, ஒவ்வொரு நகர்வுக்கும் ஏறத்தாழ அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார். இருபத்தொன்பதாம் நகர்வில் தாள் இயந்திரம் தோற்றது. 1936-இல் இயந்திரத்துக்கு முன்மாதிரியாகக் கற்பனையில் அமர்த்திய அந்தக் கணக்கிடும் மனிதர், பதினாறு ஆண்டுகள் கழித்து அவரே.

அதே 1952-இன் தொடக்கத்தில் அவர் வீட்டில் திருட்டு நடந்தது. காவல் துறையிடம் தாமே முறையிட்டார். விசாரணையில், ஓர் இளைஞருடன் தமக்கிருந்த உறவை மறைக்காமல் சொன்னார். அதில் மறைக்க ஏதுமில்லை என்பது அவர் எண்ணம். 1885-ஆம் ஆண்டின் சட்டமோ அதைக் குற்றம் என்றது. மார்ச் 31 அன்று தீர்ப்பு. சிறை அல்லது ஹார்மோன் சிகிச்சை என்ற நிலையில் சிகிச்சையை ஏற்றார்; ஓராண்டுக் காலம் பெண்மைச் சுரப்பை அவர் உடலில் செலுத்தினர். போருக்குப் பின்னும் மறைகுறியீட்டுத் துறைக்கு ஆலோசனை வழங்கிவந்தவருக்குப் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. இயந்திரம் தவறினாலும் நியாயம் காட்டுங்கள் என்று கேட்டவருக்கு, தவறே செய்யாதபோதும் அது கிட்டவில்லை. இங்கிலாந்து இச்சட்டத்தை 1967-இல் தளர்த்தியது. அதே ஆட்சியாளர்கள் 1860-இல் இந்தியாவில் விட்டுச்சென்ற 377-ஆம் பிரிவின் பிடி இந்த உறவுகளின் மீதிருந்து விலக 2018 செப்டம்பர் வரை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை, நாம் காத்திருந்தோம். ஆகவே அவர்களைப் பார்த்துக் கைநீட்ட நமக்குப் பெரிய தகுதி இல்லை.

அந்த ஆண்டிலும் அவர் வேலையை நிறுத்தவில்லை. விலங்குகளின் தோலில் புள்ளியும் வரியும் எவ்வாறு தோன்றுகின்றன என்பதை வேதிப்பொருள்களின் பரவலைக் கொண்டு விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். உயிரியலாளர்கள் இன்றும் அதிலிருந்து தொடங்குகிறார்கள்.

1954 ஜூன் 7 அன்று, நாற்பத்திரண்டு வயது நிறைவதற்குப் பதினாறு நாள் முன்பாக, விம்ஸ்லோவில் தம் வீட்டில் டூரிங் சயனைடு நஞ்சால் இறந்தார். மறுநாள் பணிப்பெண் கண்டார். படுக்கையருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. அதில் நஞ்சு இருந்ததா என்று எவரும் சோதிக்கவில்லை. தற்கொலை என்று விசாரணை முடிந்தது. வீட்டிலேயே சயனைடு கொண்டு மின்முலாம் பூசிப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு இருந்தது, கவனக்குறைவால் நேர்ந்த விபத்தே அது என்று தாய் கடைசிவரை நம்பினார். பெரும்பாலோர் இதை ஒரு தாயின் ஆற்றாமை என்கின்றனர். சோதிக்காத ஆப்பிளை வைத்துக்கொண்டு இவ்வளவு உறுதியாகப் பேச நமக்கும் உரிமை இல்லை என்றே எனக்குப் படுகிறது.

பிரதமர் கார்டன் பிரௌன் 2009-இல் அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரச மன்னிப்பு வந்தது. 2021-இல் அவர் பிறந்தநாளன்று ஐம்பது பவுண்டுத் தாளில் அவர் முகம் ஏறியது. இவையெல்லாம் நிகழ்ந்தபோது அவரை மடியில் வைத்திருந்தவர்கள் ஒருவரும் உயிரோடு இல்லை.

மகன் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1959-இல், ஈதல் டூரிங் அவர் வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுதினார். எழுபது வயதைக் கடந்த அந்தப் பெண்மணி, தமக்குப் புரியாத கணிதத்தை அறிஞர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். மகனைச் சிறுவயதில் விட்டுப் பிரிந்த ஆண்டுகளையும் அதில் எழுத வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அவர் என்ன செய்தார் என்பதை மட்டும் எழுத இயலவில்லை. அது அரசின் ரகசியம், அவருக்குச் சொல்லப்படவே இல்லை. பிளெட்ச்லி பார்க்கின் கதை 1974-இல்தான் வெளியுலகுக்கு வரத் தொடங்கியது. ஈதல் 1976-இல் மறைந்தார்.